வாகைகுளம் முதல் மீனம்பாக்கம் வரை: தொலைவும் நேரமும் கற்பிக்க ஒரு வான்வழி

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். நடுநிலை வகுப்பு மாணவர் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். தூத்துக்குடி விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 527 கி.மீ. இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானம் நடுவானில் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் செல்லும். வகுத்துப் பார்த்தால் 63 நிமிடம். ஆனால் பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வருகிறது. மீதி 27 நிமிடம் எங்கே போயிற்று?

ஒரு மாணவர் இப்படிக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "புத்தகக் கணக்கு வேறு, நடைமுறை வேறு" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது எளிது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில், கணிதம் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியது என்று அந்த மாணவர் முடிவு செய்துகொள்வார். உண்மையில் அந்த 27 நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. அதைத் தேடிப் போனால் தொடக்க வகுப்பின் நூல் அளவையிலிருந்து பத்தாம் வகுப்பின் நேர்கோட்டுச் சமன்பாடு வரை பல பாடங்களைத் தொட்டு வரலாம்.

முதலில், எந்தத் தொலைவு?

திருநெல்வேலிக்கென்று தனி விமான நிலையம் இல்லை. தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில், நெல்லையிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கும் வாகைகுளம்தான் இரு நகரங்களுக்கும் பொதுவான விமான நிலையம். 1992-இல் தொடங்கப்பட்டது.

"சென்னை எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்கு நம் பகுதியில் பல விடைகள் உண்டு. ரயிலில் போகிறவர் 650 கி.மீ. என்பார். காரில் போகிறவர் 620-ஐ ஒட்டி ஓர் எண் சொல்வார். விமானத்தில் போகிறவர் 527 என்பார். மூவரும் சரியே. பாதையின் நீளம் ஒன்று, இரு புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோடு இன்னொன்று. இந்த வேறுபாட்டை உணர்த்தத் தாமிரபரணியைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டாம்.

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 128 கி.மீ. ஆனால் பொதிகை உச்சியையும் புன்னைக்காயலையும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இணைத்தால் 96 கி.மீ. அளவில்தான் வரும். 128-ஐ 96-ஆல் வகுத்தால் 1.33. அதாவது நேர்கோட்டைப் போல ஒன்றே மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஆறு வளைந்து ஓடுகிறது. இந்த எண்ணை வகுப்பில் "வளைவு விகிதம்" என்று அழைக்கலாம்.

இதே விகிதத்தை ரயில் பாதைக்கும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து சென்னை எழும்பூருக்கு நேர்கோடு சுமார் 555 கி.மீ., ரயில் பாதை சுமார் 650 கி.மீ. விகிதம் 1.17. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர்கோடு 90 கி.மீ.கூட இல்லை. ஆனால் நாகர்கோவில் வழியாகச் செல்லும் ரயில் பாதை சுமார் 145 கி.மீ. விகிதம் 1.6-ஐத் தாண்டிவிடும்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? மாணவர்களே சொல்லிவிடுவார்கள்: நடுவில் மலை நிற்கிறது. 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த அகத்தியமலையைச் சுற்றிக்கொண்டுதான் ரயில் போக வேண்டும். சென்னைத் தடத்தில் அப்படித் தடுக்கும் மலைத்தொடர் இல்லை. ஒரு வகுத்தல் கணக்கு இங்கே புவியியல் பாடமாகிவிடுகிறது.

வரைபடத்திலிருந்து 527 எப்படி வந்தது?

வாகைகுளம் விமான நிலையம் ஏறத்தாழ 8.72° வடக்கு, 78.03° கிழக்கு. சென்னை விமான நிலையம் 12.98° வடக்கு, 80.16° கிழக்கு. இந்த நான்கு எண்கள் போதும்.

அட்சக்கோட்டு வேறுபாடு 4.26°. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. எனவே வடக்கு நோக்கி 473 கி.மீ.

தீர்க்கக்கோட்டு வேறுபாடு 2.13°. இங்கே ஒரு கவனம் தேவை. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிவருகின்றன. ஆகவே நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருக்கும் ஒரு பாகை, நம் அட்சத்தில் சுமார் 109 கி.மீ.தான். (சராசரி அட்சமான 10.85°-இன் கொசைன் மதிப்பு 0.98, அதை 111-உடன் பெருக்கினால் 109.) ஆகவே கிழக்கு நோக்கி 232 கி.மீ.

இப்போது செங்கோண முக்கோணம் தயார். 473-இன் வர்க்கத்தையும் 232-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் சுமார் 527. பிதாகரஸ் தேற்றத்தைச் சுவரில் சாய்த்த ஏணியோடு நிறுத்திவிடாமல், ஐநூறு கி.மீ. நீளமுள்ள கர்ணத்துக்கும் கொண்டுபோக இது ஒரு வாய்ப்பு.

பூமி உருண்டை அல்லவா, தட்டையான முக்கோணம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கும் மாணவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். பாராட்ட வேண்டிய கேள்வி. ஐநூறு கி.மீ. தொலைவுக்கு இந்த முறையில் வரும் பிழை மிகச் சிறியது. ஆனால் சென்னை–லண்டன் தொலைவை இதே முறையில் கணக்கிட்டால் சுமார் 8,700 கி.மீ. வரும். உண்மைத் தொலைவோ சுமார் 8,230 கி.மீ.தான்! உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில். பள்ளியில் இருக்கும் பூமி உருண்டை மாதிரியில் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த வில் கண்ணுக்குத் தெரியும். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் விமானப் பாதைகள் ஏன் வில்லாக வளைந்து தெரிகின்றன என்பதற்கும் அதுவே விடை.

விமானம் இல்லாத காலத்திலேயே இத்தகைய நேர்கோட்டுத் தொலைவுகளை முக்கோணங்களால் அளந்தவர்கள் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து தம் பணியைத் தொடங்கினார். இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையம் அந்த மலையின் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்து, மற்றவற்றைக் கோணங்களிலிருந்து கணக்கிட்டுக்கொண்டே, தெற்கே கன்னியாகுமரிப் பகுதி வரை அவருடைய முக்கோணங்கள் நீண்டன. திருநெல்வேலிப் பகுதியிலும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. கணக்கிட்டு வந்த நீளமும் தரையில் அளந்த நீளமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பதற்காக இத்தகைய அடிக்கோடுகள் இடையிடையே அளக்கப்பட்டன. "விடையைச் சரிபார்" என்று நாம் கரும்பலகையில் எழுதுவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது அரிது.

காணாமல் போன 27 நிமிடம்

விமானத்தின் கால அட்டவணை, விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரும் நொடியில் தொடங்கி, இறங்கிய ஊரில் நிற்குமிடத்தில் வந்து நிற்கும் நொடியில் முடிகிறது. பறக்கும் நேரம் அதில் ஒரு பகுதி மட்டுமே. மீதியை இப்படிப் பிரிக்கலாம்:

- ஓடுபாதையின் தொடக்கத்துக்கு ஊர்ந்து செல்லும் நேரம். அங்கே வரிசை இருந்தால் காத்திருக்கும் நேரம்.
- மேலே ஏறும் நேரம். அப்போது விமானத்தின் வேகம் 500 கி.மீ.யைவிட மிகக் குறைவு. இறங்கும்போதும் அப்படியே.
- ஓடுபாதையின் திசைக்கு ஏற்பத் திரும்பி வரும் சுற்று. விமானம் இயன்றவரை எதிர்காற்றை நோக்கி இறங்க வேண்டியிருப்பதால், சில நாட்களில் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பிவர நேரும்.
- வான்வழித் தடங்கள் முழு நேர்கோடாக இல்லாததால் கூடும் சில கி.மீ.
- சென்னை போன்ற நெரிசலான நிலையத்தில் தாமதம் வரலாம் என்று நிறுவனம் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும் சில நிமிடங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை தொலைவு கூடினாலும் குறைந்தாலும் அதிகம் மாறுவதில்லை. இதுதான் நம் கணக்கின் திறவுகோல். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாலே ஒரு தொகை, அதற்கு மேல் கி.மீ.க்கு இவ்வளவு என்பது மாணவர்களுக்குத் தெரியும். விமானப் பயணமும் அப்படித்தான்:

மொத்த நேரம் = நிலையான நேரம் + (தொலைவு ÷ வேகம்)

நம் தடத்தில்: 90 = 27 + 63.

இது ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு. தொலைவைக் கிடைமட்ட அச்சிலும் நேரத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் வரும் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாது. 27-இல் செங்குத்து அச்சை வெட்டும். கோட்டின் சாய்வின் தலைகீழ் மதிப்பு வேகத்தைச் சொல்கிறது. வெட்டுத்துண்டு தரையில் செலவாகும் நேரத்தையும் ஏறி இறங்கும் நேரத்தையும் சொல்கிறது. "தொலைவு இருமடங்கானால் நேரமும் இருமடங்காகுமா?" என்று கேளுங்கள். நேர்விகிதத்துக்கும் நேர்கோட்டுச் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு அங்கே விளங்கிவிடும்.

இந்தச் சமன்பாட்டால் வருங்காலத்தையும் ஊகிக்கலாம். வாகைகுளம் ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர் நீளமே இருந்தது. ஏ.டி.ஆர். போன்ற சிறிய, சுழல்விசிறி விமானங்களுக்கே அது போதுமானது. இப்போது அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டுள்ளது. புதிய முனையக் கட்டடம் 2025 ஜூலை 26-இல் திறந்துவைக்கப்பட்டது. இனி ஜெட் விமானங்களும் இறங்கலாம். ஜெட் விமானத்தின் வேகத்தை மணிக்கு 830 கி.மீ. என்று கொண்டால் 527 கி.மீ.க்கு 38 நிமிடம். நிலையான நேரம் அதே 27 நிமிடம் என்று கொண்டால் மொத்தம் 65 நிமிடம். வேகம் மூன்றில் இரண்டு பங்கு கூடியும் பயண நேரம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைகிறது. குறுகிய தொலைவில் வேகத்தின் பயன் ஏன் குறைவு என்று மாணவர்களை விவாதிக்கச் செய்யலாம்.

ஆடிக் காற்றும் ஆற்று நீரோட்டமும்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றை நெல்லை மாவட்டத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விமானத்தில் அதன் பங்கு என்ன?

வாகைகுளத்திலிருந்து சென்னை, நேர் வடக்கிலிருந்து சுமார் 26° கிழக்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. மேலே மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மேற்குக் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பயணத் திசையில் உதவுவது 40-ஐ 26°-இன் சைன் மதிப்பான 0.44-ஆல் பெருக்கி வரும் அளவு, அதாவது சுமார் 18 கி.மீ. பக்கக்காற்றின் விளைவைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்தால், சென்னை செல்லும்போது வேகம் 518. நேரம் 61 நிமிடம். திரும்பும்போது 482, நேரம் சுமார் 66 நிமிடம்.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது ஏற்பட்ட நட்டமும் சமமாகிவிடும் என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் நினைப்பார்கள். எளிய எண்களில் சோதிக்கலாம். நிலைநீரில் மணிக்கு 10 கி.மீ. செல்லும் படகு, மணிக்கு 2 கி.மீ. நீரோட்டமுள்ள ஆற்றில் 24 கி.மீ. போய்த் திரும்புகிறது. போக 2 மணி, எதிர்த்து வர 3 மணி, மொத்தம் 5 மணி. நிலைநீரில் 48 கி.மீ.க்கு 4 மணி 48 நிமிடமே ஆகியிருக்கும். எதிர்த்து வரும்போது நீரோட்டத்தோடு போராடும் நேரமும் கூடுதல் என்பதால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. படகுக் கணக்கும் விமானக் கணக்கும் ஒன்றே என்று அறிந்தபின் மாணவர்கள் இவ்வகைக் கணக்கைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வீட்டு வாசலிலிருந்து எண்ணினால்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஒரு குடும்பம் சென்னைக்கு அவசரமாகப் போக வேண்டும். மருத்துவமனைக்கோ, கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வுக்கோ. விமானம் நல்லதா, ரயில் நல்லதா?

அம்பையிலிருந்து நெல்லை சுமார் 35 கி.மீ., அங்கிருந்து வாகைகுளம் 30. மொத்தம் 65 கி.மீ. மணிக்குச் சராசரி 40 கி.மீ. என்றால் ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம். நிலையத்தில் சோதனைக்கும் காத்திருப்புக்கும் 1 மணி 30 நிமிடம். விமானம் 1 மணி 30 நிமிடம். சென்னையில் வெளியே வர 30 நிமிடம். கூட்டினால் 5 மணி 10 நிமிடம். கடந்த தொலைவு 592 கி.மீ. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 115 கி.மீ.! மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம், வாசலிலிருந்து எண்ணினால் நெடுஞ்சாலைக் காரின் வேகத்துக்கு வந்துவிடுகிறது.

2023 செப்டம்பர் 24-இல் தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் ரயில் சுமார் 7 மணி 50 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அம்பையிலிருந்து நெல்லை வர ஒரு மணி நேரமும் நிலையத்தில் அரை மணி நேரமும் சேர்த்தால் 9 மணி 20 நிமிடம். விமானத்தால் மிச்சமாவது நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரவு ரயிலில் போகிறவர் தூங்கிய நேரத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது, கட்டண வேறுபாட்டுக்கு அந்த நான்கு மணி நேரம் ஈடாகுமா என்பவை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். முடிவை அவரவர் எடுக்கட்டும்; எடுப்பதற்குத் தேவையான கணக்கு மாணவர் கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வழக்கமான தவறையும் திருத்தலாம். சாலையில் 40, வானில் 500 என்பதால் சராசரி 270 என்று எழுதுவோர் உண்டு. சராசரி வேகம் என்பது மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுப்பது. காத்திருக்கும்போது தொலைவு கூடுவதில்லை. நேரம் மட்டும் கூடுகிறது.

கடிகாரம் மாறும் பயணங்கள்

நம் பகுதியில் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் உறவினர் இல்லாத தெருக்கள் குறைவு. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகும். துபாய் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி பின்தங்கியது.

திருவனந்தபுரத்தில் காலை 10.00-க்குப் புறப்படும் விமானம் துபாயில் 12.30-க்கு இறங்குவதாகக் கொள்வோம். கழித்தால் இரண்டரை மணி நேரம். திரும்பும் விமானம் துபாயில் 10.00-க்குப் புறப்பட்டுத் திருவனந்தபுரத்தில் 15.30-க்கு இறங்குகிறது. கழித்தால் ஐந்தரை மணி நேரம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மைப் பயண நேரம் 4 மணி. வேறுபாட்டை இரண்டால் வகுத்தால் கடிகார வேறுபாடு ஒன்றரை மணி. (காற்றின் விளைவை இங்கே தவிர்த்திருக்கிறோம்.) கூட்டலும் கழித்தலும் மட்டுமே கொண்ட இந்தக் கணக்கு நடுநிலை வகுப்புக்கே போதும்.

எந்த வகுப்பில் எதை எடுக்கலாம்?

*1 முதல் 5 வரை:* மாவட்ட வரைபடத்தில் தாமிரபரணியின் மேல் நூலை வளைத்து வைத்து, பிறகு நீட்டி அளக்கச் செய்யலாம். நேர்கோட்டை அளவுகோலால் அளந்து இரண்டையும் ஒப்பிடலாம். வீட்டிலிருந்து பள்ளிக்குக் காலடிகளில் ஒரு கணக்கு, வகுப்பறைச் சுவரில் காகம் பறக்கும் வழியாக ஒரு கோடு.

*6 முதல் 8 வரை:* உள்ளூர்ப் பேருந்து, ரயில் கால அட்டவணைகளைக் கொண்டு சராசரி வேகம் காணுதல். வளைவு விகிதம். நேர மண்டலக் கணக்குகள். படகுக் கணக்கு.

*9, 10:* அட்ச, தீர்க்கக் கோடுகளிலிருந்து தொலைவு. முக்கோணவியலால் காற்றின் பங்கு. வேறுபட்ட தொலைவுள்ள ஐந்து விமானத் தடங்களின் அட்டவணை நேரங்களைத் திரட்டி வரைபடத்தாளில் குறித்து, வெட்டுத்துண்டைக் கண்டுபிடித்தல். ஒரே வகை விமானம் பறக்கும் தடங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இல்லையெனில் புள்ளிகள் ஒரே கோட்டில் அமையாது.

மதிப்பிடும்போது ஒன்றை நினைவில் கொள்வோம். 63 நிமிடம் என்று விடை எழுதிய மாணவர் தவறு செய்யவில்லை. அவர் நடுவானில் பறக்கும் நேரத்தைக் கண்டிருக்கிறார். அவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்டால் போதும்: "அட்டவணை 90 என்கிறது. வேறுபாட்டுக்கு மூன்று காரணம் எழுது; ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்று மதிப்பிடு." மதிப்பீடுகள் மாணவருக்கு மாணவர் வேறுபடும். காரணம் பொருந்தி, கூட்டுத்தொகை 27-ஐ ஒட்டி வந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.